அவினோ படுத்துப் பார்த்த இரண்டு படகுகள்

ஓமிரோ தீவுக் கரையில் யாராவது அவினோவிடம் எது நல்ல படகு என்று கேட்டால், அவள் பதில் சொல்லமாட்டாள், திருப்பிக் கேட்பாள்: "யாருக்கு? ஓட்டுறவனுக்கா, உள்ள கெடக்கிறவளுக்கா?" கேட்டவர் முழிப்பார். அவள் அதற்குள் இன்ஜின் கயிற்றை இழுத்துவிட்டிருப்பாள். இந்தக் கேள்வியை அவள் எங்கே படித்தாள் என்பது எங்கள் கரை முழுக்கத் தெரியும். அதற்காக அவள் முதுகு பட்ட பாடும் தெரியும்.

அவளுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. பத்தொன்பது வயதில் அலெகோவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அதனால் பெரியவர்கள் இன்னும் 'நியார் அலெகோ', அலெகோவின் மகள், என்கிறார்கள், மற்றவர்கள் அலெகோக்காரி என்கிறார்கள். அவள் வந்த காலத்தில் ஒரு பெண் மீன்படகின் விளிம்பைத் தொட்டுவிட்டால் போதும், அன்றைக்கு வலை காலியாக வரும் என்று ஆண்கள் கத்துவார்கள். நல்லவேளை, அவள் கணவன் ஓச்சுகா வைத்திருந்தது ஆள் ஏற்றும் படகு. எங்கள் தீவுக்கும் எம்பிட்டா நகரத்துக்கும் இடையே ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கண்ணில் படலம் விழுந்தது. வெளியே தெரிந்தால் ஒரு குருவி கூட அந்தப் படகில் ஏறாது.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரு திட்டம் போட்டார்கள். ஓச்சுகா பின்னால் நின்று ஓட்டுவான். அவினோ கூடையோடு சந்தைக்குப் போகிறவள் போல முன்னால் உட்கார்ந்து இருமுவாள். ஒரு இருமல் என்றால் பாறை இடது பக்கம், இரண்டு இருமல் என்றால் வலது பக்கம். ஒரு வருஷம் இப்படியே ஓடியது. "பாவம், அலெகோக்காரிக்கு நெஞ்சுல ஏதோ சீக்கு" என்று ஊரே உச்சுக்கொட்டியது. கடைசியில் ஒரு நாள் நிஜமாகவே சளி பிடித்த ஒரு பெரியவர் ஏறி உட்கார்ந்து இரண்டு தடவை இருமித் தொலைத்தார். ஓச்சுகா ஒழுங்காக இடது பக்கம் திருப்பினான். படகு பாறை மேல் ஏறி உட்கார்ந்தது. குட்டு உடைந்துவிட்டது.

அவினோ எழுந்து பின்னால் போனாள். "தள்ளு" என்றாள். அன்றைக்குப் பிடித்த கைப்பிடியை இருபத்திரண்டு வருஷமாக விடவில்லை. ஓச்சுகா பார்வை முழுதும் போய் வீட்டோடு இருந்துவிட்டான். முதலில் ஏறத் தயங்கிய ஆண்களெல்லாம், இன்றைக்கு அவள் ஓட்டாத படகில் மனைவி மக்களை அனுப்பமாட்டார்கள். இத்தனை வருஷத்தில் அவள் படகிலிருந்து ஒரு கோழி கூட ஏரியில் விழுந்ததில்லை. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கோழிக்காரிகளையே கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒன்று நடந்தது.

எங்கள் கரை ஆழமில்லாத கரை. அடிப்பக்கம் கூராக இருக்கும் அவளுடைய பழைய மரப்படகு கரைக்கு முப்பது எட்டு வைக்கிற தூரத்திலேயே மணலில் தட்டி நின்றுவிடும். மிச்ச தூரத்துக்குத் தூக்குகாரர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். ஆளைத் தோளில் உட்காரவைத்து, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து கொண்டுபோய் விடுவார்கள். அன்றைக்கு உயோமாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண்ணுக்கு வலி கண்டது. கரையில் இருந்த ஒரே தூக்குகாரர் அவளுடைய சொந்த மாமனார். மாமனார் மருமகளைத் தொடுவதாவது! எங்கள் ஆட்கள் எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். அந்த மனிதர் தண்ணீரில் இறங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு கழியை மட்டும் நீட்டினார். அவர் அழுதுகொண்டிருந்தார். அந்தப் பெண் கழியைப் பிடித்தபடி நடந்தாள். பாதி வழியில் வழுக்கி விழுந்தாள். எம்பிட்டா போய்ச் சேர்ந்தபோது தாய் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. ஓட்டிப்போனவள் அவினோ. கரையிலிருந்து முப்பது எட்டு தள்ளி நின்றுகொண்டு, விழுந்தவளைப் பார்த்தவளும் அவினோதான்.

அதிலிருந்து தீவுப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே பேச்சு: மணல் மேல் ஏறி வந்து நிற்கிற படகு வேண்டும். ஒரு தர்ம அமைப்பு ஆஸ்பத்திரிப் படகு ஒன்று தருவதாக ஒப்புக்கொண்டது. எம்பிட்டாவில் படகு கட்டுகிற ரஜபு ஃபுண்டி, கட்டி முடித்த இரண்டு ஃபைபர் படகுகளை இழுத்துக்கொண்டு வந்தார். ஃபுண்டி என்றால் எங்கள் பக்கத்தில் கைவேலைக்காரர். இரண்டும் ஒரே நீளம், ஒரே நீல வண்ணம். ஒன்றுக்கு அடி தட்டு மாதிரி தட்டை. இன்னொன்றுக்கு அடி கூர், முன்னாலிருந்து பின்னால் வரை நடுவில் ஒரு முதுகெலும்பு ஓடியது. ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை எடுத்துப்போகிறேன் என்றார் ரஜபு. எதை வைத்துக்கொள்வது என்று அவினோ சொல்ல வேண்டும் என்று கரைக் கமிட்டித் தலைவர் ஒபியெரோ முடிவு செய்தார்.

அவினோவுக்கு அது வெறும் கமிட்டி வேலை இல்லை. அவளுடைய ஒரே மகள் அபோண்டிக்கு அப்போது எட்டாம் மாதம் பாதி ஆகியிருந்தது, தலைப்பிரசவம். இடுப்பெலும்பு குறுகல், வலி கண்டதும் எம்பிட்டாவுக்கு வந்துவிட வேண்டும், கத்தி வைத்துத்தான் எடுக்க முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேதிக்குப் பத்து நாள் முன்பே போய்த் தங்குவதாக ஏற்பாடு. ஆனால் பிள்ளைகள் தேதி பார்த்தா வருகின்றன? இந்த இரண்டு படகில் அவினோ எதைக் கை காட்டுகிறாளோ அதன் தரையில்தான் அவள் மகள் படுத்துப் போக வேண்டியிருக்கும்.

"ஓட்டிப் பாரு நியார் அலெகோ, உன் கை சொல்லிடும்" என்றார் ஒபியெரோ. அவர் ஓச்சுகாவின் சித்தப்பா. அவினோவுக்கு மாமனார் முறை. ஜதுவோங், பெரியவர், என்றுதான் கூப்பிடுவாள்.

"என் கை என்னத்தச் சொல்லும் ஜதுவோங்? நின்னு ஓட்டுறவளுக்கு முழங்கால் மடங்கிக் குடுக்கும். அவளுக்கு எல்லாப் படகும் நல்ல படகுதான். வலியெடுத்தவ நின்னுகிட்டா வருவா? நான் உள்ள படுத்துக்கிறேன். வேற யாராவது ஓட்டட்டும்."

"நான் ஓட்டுறேனேம்மா" என்றார் ரஜபு ஃபுண்டி.

"நீயா? விக்க வந்தவன் ஓட்டினா பழைய தொட்டி கூட நல்லாத்தான் மெதக்கும். நீ கரையில உக்காந்து டீ குடி."

மற்ற படகுக்காரர்கள் எல்லோரும் வலை வீசப் போயிருந்தார்கள். எல்லோர் கண்ணும் ஒகிண்டா மேல் போய் நின்றது.

ஒகிண்டா இன்ஜின் மெக்கானிக். கராச்சுவோன்யோ பக்கத்து ஆள். பிழைக்க வந்த இடத்தில் அபோண்டியைக் கட்டிக்கொண்டு, கரையிலேயே பட்டறை போட்டுவிட்டான். மாமியாரை எங்கள் மொழியில் மாரோ என்போம். மாரோ எதிரே வந்தால் மருமகன் ஒதுங்க வேண்டும், கை குலுக்கக் கூடாது, ஒரு தட்டில் சாப்பிடக் கூடாது, அவள் படுத்திருக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்கவே கூடாது. இப்படிப்பட்ட மாரோவுக்கு நூறு எட்டு தூரத்தில் குடியிருந்தால் என்ன ஆகும்? ஒகிண்டா நாளெல்லாம் மரத்துக்குப் பின்னாலும் டிரம்முக்குப் பின்னாலும் ஒளிந்துகொண்டிருந்தான். "இந்த ஏரியிலயே மாமியா வீட்டுப் புகைய மோந்துகிட்டுக் குடித்தனம் பண்ற ஒரே ஆம்பள நீதான்டா" என்று ஒபியெரோ அவனைச் சீண்டாத நாள் இல்லை.

"எனக்கு... பட்டறையில ஒரு கார்புரேட்டர் பிரிச்சுப் போட்டிருக்கேன்" என்றான் ஒகிண்டா, மணலைப் பார்த்து.

"அது எங்கயும் ஓடிப்போகாது. ஏறு" என்றார் ஒபியெரோ.

எங்கள் பக்கம் காலையில் ஏரி பாய் விரித்த மாதிரி கிடக்கும். மதியம் காற்று எழுந்ததும் ஆளே மாறிவிடும். அதனால் அவினோ மதியம் வரை காத்திருந்தாள். பிறகு தட்டையடிப் படகில் ஏறி, தரையில் ஒரு பாயைப் போட்டு, வானத்தைப் பார்த்து மல்லாந்து படுத்தாள். ஒகிண்டா ஏறினான். மாரோ காலடியில் படுத்திருக்கிறாள்! அவன் கழுத்தை வளைத்து முகத்தை மேகத்துக்குத் தூக்கிக்கொண்டான். முதலைப் பாறை வரை போய்த் திரும்பி வருவதற்குள் ஒரு தடவை கூடக் கீழே பார்க்கவில்லை. பேச வேண்டியதை இன்ஜினிடம் பேசினான்.

"இன்ஜினே, மாரோவுக்கு முதுகு குத்துதான்னு கேளு."

"குத்தலன்னு சொல்லு இன்ஜினே" என்றாள் அவினோ, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

பிறகு அதே இன்ஜினைக் கழற்றிக் கூரடிப் படகில் பூட்டினார்கள். மறுபடியும் பாய், மறுபடியும் மேகம், மறுபடியும் முதலைப் பாறை. அவினோ திரும்பி வந்து கரையில் நின்று யோசித்தாள். இரண்டுமே நன்றாகத்தான் இருந்தன. அலை தூக்கியது, இறக்கியது, அவ்வளவுதான். இரண்டும் ஒன்றுதான் என்றால் மணலில் ஏறுகிற படகை விட்டுவிட்டு முப்பது எட்டு தள்ளி நிற்கிற படகை எடுக்க அவளுக்கென்ன பைத்தியமா?

"தட்டை" என்றாள்.

பெண்கள் குலவையிட்டார்கள். உயோமாக்காரி ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது என்று அவினோ நினைத்தாள். நாளை மாலை மற்றதை இழுத்துப் போகிறேன் என்றார் ரஜபு.

அன்று சாயங்காலம் அபோண்டி அம்மா வீட்டுக்கு வந்தாள். களியும் பொரித்த ஒமேனா மீனும் தட்டில் இருந்தன. அவள் சாப்பிட உட்கார்ந்தவள் சிரிக்க ஆரம்பித்து நிறுத்தவே இல்லை.

"எதுக்குடி இப்படிக் கெக்கெக்கென்ற?"

"அவருக்குக் கழுத்து பிடிச்சுக்கிச்சும்மா. வெந்நீர் ஒத்தடம் குடுத்துட்டு வர்றேன். 'உங்கம்மா கால்மாட்டுல படுத்திருந்தாங்க, ஒவ்வொரு அலையையும் கும்பிட்டு வழிவிட்டு ஓட்டினேன், என் பொழப்புல இவ்வளவு மெதுவா ஓட்டினதே இல்ல'ங்கிறார். போட்ட டீ ஆறி, மறுபடி சுடவச்சு, அதுவும் ஆறிப்போச்சாம் ஃபுண்டிக்கு."

அவினோவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. முதலைப் பாறைக்குப் போய்வரக் கால் மணி நேரம் போதும். அன்றைக்கு எவ்வளவு ஆனது? சூரியன் எங்கே இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

"அடப்பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "மரியாதையில ஓட்டியிருக்கான்டி! அந்த வேகத்துல போனா கதவுப் பலகை கூடத் தொட்டில் மாதிரி ஆடும். உனக்கு வலியெடுத்தா அப்படியா ஊர்ந்து போக முடியும்?"

"அப்ப நாளைக்கு வேகமா ஓட்டச் சொல்லு."

"சொன்னா ஓட்டுவானா?"

அபோண்டி யோசித்தாள். "மாட்டார். நீ படுத்திருக்கிற வரைக்கும் அவர் கை திரும்பாதும்மா. கமிட்டித் தலைவரப் படுக்கச் சொல்லேன்."

"ஒபியெரோவுக்குத் தொப்பை மெத்தை மாதிரி. அவருக்கு என்ன தெரியும்? நீ கெடக்கப் போற எடம். நான்தான் கெடந்து பாக்கணும்."

மறுநாள் மதியம் காற்று எழுந்தபோது, ஒகிண்டாவை மறுபடி கூப்பிட்டு அனுப்பினார்கள். கழுத்தைச் சாய்த்துக்கொண்டே வந்தான்.

"பயப்படாத ஒமேரா, என் தம்பி" என்றார் ரஜபு ஃபுண்டி, தோளில் தட்டி. "உன் மாரோவுக்கு முதுகு வலியாம், வரல. ஆள் கனத்துக்கு ரெண்டு மணல் மூட்டை போட்டுத் தார்ப்பாய் மூடி வச்சிருக்கேன். இன்ஜின் எவ்வளவு தாங்கும்னு பாக்கணும். முழுசாத் திருகிடு."

ஒகிண்டாவின் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம். தாவி ஏறினான். தார்ப்பாய்க்கு அடியில் மணல் மூட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டது.

தட்டையடி கரையை விட்டு வெளியே வந்து முதல் பெரிய அலையில் ஏறியது. ஏறியதோடு சரி. அப்படியே தொப்பென்று தண்ணீர் மேல் விழுந்தது. அவினோவுக்குப் பிடரியிலிருந்து வால் எலும்பு வரை யாரோ உலக்கையால் ஒரு போடு போட்டது போலிருந்தது. அடுத்தது. அடுத்தது. ஒகிண்டா குஷியாக விசில் அடித்துக்கொண்டிருந்தான் போலும், படகு அறைந்த அறையில் அது கூடக் காதில் விழவில்லை. ஐயோ என்று ஒரு வார்த்தை கத்தியிருந்தால் அவன் வேகத்தைக் குறைத்திருப்பான். குறைத்திருந்தால் நேற்றைய கதைதான். அவினோ தார்ப்பாய்க் கயிற்றை வாயில் திணித்துக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. வயிற்றில் பிள்ளையோடு இதில் அபோண்டி, வயிற்றில் பிள்ளையோடு இதில் அபோண்டி என்று ஒவ்வொரு அடிக்கும் எண்ணிக்கொண்டே கிடந்தாள். எனக்குத் தெரிந்து ஒரு படகுக் கடைக்காரனும் ஒரு இன்ஜினீயரும் எந்தப் படகையும் இப்படிச் சோதித்திருக்கமாட்டார்கள்.

திரும்பி வந்து படகு அழகாக மணலில் ஏறி நின்றது. ரஜபு ஒகிண்டாவிடம் பட்டறையிலிருந்து ஒரு ஸ்பேனர் எடுத்துவரச் சொல்லி அனுப்பினார். அவன் தலை மறைந்ததும் பெண்கள் தார்ப்பாயைத் தூக்கினார்கள். அவினோவால் உட்கார முடியவில்லை.

"போதும்டி தாயே" என்றாள் உயோமாக்காரி. "முகமெல்லாம் சாம்பலா இருக்கு. தட்டைதான்னு நேத்தே சொல்லிட்டியே, இன்னும் என்ன?"

"அதயும் பாக்கணும். என்ன அந்தப் படகுல ஏத்துங்க."

"செத்துடுவ!"

"சாகமாட்டேன். தூக்குங்கடி!"

தட்டையைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போய்க் கூரடிப் படகோடு ஒட்டி, நான்கு பேர் அவளை அப்படியே பாயோடு நகர்த்தினார்கள். பிறகு தார்ப்பாயை மறுபடி இழுத்து மூடினார்கள். ஒகிண்டா ஸ்பேனரோடு வந்து இன்ஜினை மாற்றிப் பூட்டினான். முன்னைவிட வேகமாகத் திருகினான். அவினோ கயிற்றை வாயில் வைத்துக்கொண்டு முதல் அடிக்குக் காத்திருந்தாள்.

அடி விழவில்லை. படகு சற்றுச் சாய்ந்தது, ஆடியது, இருபுறமும் தண்ணீர் கிழிந்து போகும் சத்தம் கேட்டது. அலைமேல் ஏறி இறங்கியபோது அதன் கூர் தண்ணீருக்குள் இறங்கிப் போனதே தவிர அறையவில்லை. நொந்த முதுகுக்கு அதுவே தாய் மடி. இன்ஜின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லாததால், ஒகிண்டா இன்ஜினிடம் பேசுவது அவளுக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்டது.

"நேத்து என்னைக் கொன்னுட்டாங்கப்பா மாரோ. இன்னைக்கு மணல் மூட்டை, நிம்மதி. இன்ஜினே, உன்கிட்ட ஒன்னு சொல்றேன், வெளிய சொல்லாத. எனக்குப் பயமா இருக்கு. ராத்திரி அவ தூங்கினதுக்கப்புறம் அவ வயித்துல கைய வச்சுகிட்டு முழிச்சுக் கெடக்கிறேன். என்ன நடந்தாலும் நீ நடுவுல நின்னுடாத. மாரோ பாத்து எடுக்கிற படகு சரியாத்தான் இருக்கும். அந்தம்மாவ நான் நிமிந்து பாத்ததில்ல, ஆனா அந்தம்மா கைய நம்புறேன். நீ மட்டும் நின்னுடாத."

தார்ப்பாய்க்கு அடியில் மாரோ அழுதுகொண்டிருந்தாள். இந்தத் தடவை முதுகு வலியால் இல்லை.

கூரடிப் படகு வழக்கம்போல முப்பது எட்டு தள்ளி மணலில் தட்டி நின்றது. ஒகிண்டா இன்ஜினை நிறுத்தினான். "மூட்டைய எறக்கிடவா?" என்று கேட்டபடியே தார்ப்பாயைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தான். மல்லாந்து கிடந்த மாரோ அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"நல்லா ஓட்டின" என்றாள்.

ஒகிண்டா சட்டையோடு அப்படியே ஏரியில் குதித்தான். கரையில் ஒபியெரோ சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று விழுந்தது.

"எதும்மா?" என்று கரையிலிருந்து கத்தினார் ரஜபு.

"இது!" என்றாள் அவினோ படுத்தபடியே. "கூரு!"

குலவை இல்லை. கரையில் பெண்களின் முகம் கறுத்தது. உயோமாக்காரி முழங்கால் தண்ணீர் வரை இறங்கி வந்து கத்தினாள். "அப்ப எங்களுக்கு மறுபடியும் மாமனார் கழிதானா? நீயே பாத்தியே! அவ்வளவு தூரத்துல நின்னு நீயும் பாத்துகிட்டுத்தானே இருந்த!"

அந்தப் பேச்சு அவினோவுக்குப் படகு கொடுத்த எல்லா அடியையும்விட வலித்தது. எழுந்து பதில் சொல்லப் பார்த்தாள். இடுப்பு எழும்பவில்லை. இன்னொரு முறை முயன்று, "அம்மா" என்று விழுந்தாள்.

எல்லோருக்கும் அப்போதுதான் உறைத்தது. அவளால் நடக்க முடியாது. தூக்குகாரர்கள் நான்கு பேரும் தீவின் மறுபக்கம் சந்தைப் படகுக்குப் போயிருந்தார்கள். ரஜபுவுக்கு வலது தோளில் பழைய முறிவு, ஒரு குடம் கூடத் தூக்கமாட்டார். ஒபியெரோ மாமனார் முறை, மணலில் நின்று கையைப் பிசைந்தார். இடுப்பளவுத் தண்ணீரில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற ஒகிண்டா மருமகன். உயோமாக்காரிக்கு ஒரு வருஷம் முன்னால் நேர்ந்தது அப்படியே திரும்பி வந்து நின்றது.

முதலில் அசைந்தவள் உயோமாக்காரிதான். "சனியன் புடிச்சவளே, அசையாமக் கெட" என்று திட்டிக்கொண்டே தண்ணீரைத் தள்ளி நடந்தாள். பின்னால் மூன்று பேர் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். தார்ப்பாயை அவினோவுக்கு அடியில் செலுத்தி, நான்கு மூலையை நான்கு பேர் தோளில் போட்டுக்கொண்டார்கள். தண்ணீரே பாதிக் கனத்தைத் தாங்கிக்கொண்டது. முப்பது எட்டு. ஒருவரும் வழுக்கவில்லை. மணலில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, நான்கு பேரும் இரைக்க இரைக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இவ்வளவுதானா?" என்றாள் ஒருத்தி.

"இவ்வளவுதான்" என்றாள் அவினோ, மணலில் கிடந்தபடி. "ஏரிய மாத்த என்னால முடியாது. இத மாத்த உங்களால முடியும். மாத்திட்டீங்க."

உயோமாக்காரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். குழந்தை போன அன்றைக்கும் கரையில் பத்துப் பெண்கள் நின்றார்கள், தூக்குவது ஆம்பளை வேலை என்று நின்றார்கள். தாங்களே தூக்கலாம் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. ரஜபு ஃபுண்டி தட்டையடிப் படகை இழுத்துக்கொண்டு போனார். தார்ப்பாய் மட்டும் இங்கேயே இருக்கட்டும் என்று பெண்கள் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்.

இருபத்து மூன்று நாள் கழித்து, சொன்ன தேதிக்கு மூன்று வாரம் முன்பாகவே, அபோண்டிக்கு வலி கண்டது. நேரம் பார்த்ததா அது? மதியம் ஒரு மணி, காற்று எழுந்து ஏரி கொதிக்கிற நேரம். நான்கு பெண்கள் தார்ப்பாயில் அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கூரடிப் படகில் கிடத்தினார்கள். அவளுடைய பாதத்தில் கூட ஈரம் படவில்லை. அவினோவுக்கு முதுகு இன்னும் தேறவில்லை, நின்று கைப்பிடி பிடிக்க முடியாது. ஒகிண்டாதான் ஓட்ட வேண்டும். அவன் தன் முகத்தைப் பார்க்காமலிருக்க வேண்டுமே என்று அவினோ அவனுக்கு முதுகைக் காட்டி முன்னால் உட்கார்ந்துகொண்டாள், பழைய நாளில் இருமிய அதே இடத்தில்.

தாயும் பிள்ளையும் நலம், பெண் குழந்தை, இப்போது தவழ்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது வழியில் நடந்தது.

முதலைப் பாறையைத் தாண்டியதும் பெரிய அலைகள் வந்தன. படகு மெதுவானது. அவினோ காது கொடுத்துக் கேட்டாள். இன்ஜின் தாழ்ந்த குரலில் முனகியது. ஒவ்வொரு அலைக்கும் ஒகிண்டா வேகத்தைக் குறைத்து, படகை இறக்கி, மறுபடி கூட்டினான். மகளுக்காக இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவன் கண்ணெதிரே மாரோவின் நொந்த முதுகு இருந்தது. அபோண்டி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். எம்பிட்டா இன்னும் ஒரு கோடாகத்தான் தெரிந்தது.

அவினோ திரும்பவில்லை. தலைக்குக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, இரண்டாக மடித்து, வாயில் கடித்துக்கொள்ளத் தோதாகக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு காற்றையும் மீறிக் கத்தினாள்.

"இன்ஜினே! உன்ன ஓட்டுறவன்கிட்ட சொல்லு, இந்தப் படகுல மாரோ யாரும் இல்ல. முன்னால இருக்கிறது மணல் மூட்டை. முழுசாத் திருகச் சொல்லு!"